மூக்கை மூடும் கை

எனக்குப் பேய் பிசாசு கதையெல்லாம் ஆகாது. சொல்ல வருகிறவளை "வேலையப் பாருடி" என்று விரட்டிவிடுவேன். விருத்தாசலத்தில் கொளஞ்சிநாதனின் பொம்மைப் பட்டறைக்கு வேலைக்குப் போன அன்றும் அதே வாயோடுதான் போனேன்.

அவருடைய மகன் பாரதி இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஏழு வயது. வெயில் தாங்காமல் களிமண் கரைக்கும் தொட்டியில் முங்கி விளையாடியிருக்கிறான். தண்ணீரில் இருந்த ஏதோ கிருமி மூக்கு வழியாக மூளைக்கு ஏறிவிட்டதாம். எங்கோ ஒருவருக்குத்தான் வருமாம். ஆறாம் நாள் பிள்ளை இல்லை.

தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டார். அடியில் தங்கிய களியைக் கொட்ட மட்டும் மனம் வரவில்லை.

"எம்புள்ள மெதிச்ச மண்ணும்மா" என்று அதையே அச்சில் ஊற்றினார்.

அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையை ஈரப் பஞ்சால் துடைத்து, ஈர்க்குச்சியால் மூக்கில் இரண்டு துளை போடுவது என் வேலை. பன்னிரண்டு முடித்துப் பலகையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் பன்னிரண்டுக்கும் மூக்கு அடைத்திருந்தது.

சின்னக் கட்டைவிரல் தடம்.

பாரதியின் மூன்று வயதுத் தங்கை வெண்பாவின் சேட்டைதான் என்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். மறுபடி துளை போட்டேன். டீ குடித்து வருவதற்குள் மறுபடி அடைத்திருந்தது. பட்டறை முழுக்கத் தொட்டித் தண்ணீர் வாடை. தொட்டியோ காய்ந்து கிடந்தது.

வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தேன்.

பாரதியின் அம்மா கயல்விழி வந்து பார்த்தாள்.

"வுட்டுடுங்கக்கா" என்றாள் மெதுவாக. "நெனவு தப்புறதுக்கு முன்ன அதத்தான் சொன்னான். மூக்க மூடும்மா, தண்ணி வருதுன்னு."

இருவரும் அழுதோம். அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து இளைப்புச் சத்தம் கேட்டது.

ஓடினோம். வெண்பா வாயைப் பிளந்து திணறிக்கொண்டிருந்தாள். மூக்கின் இரண்டு துளையிலும் ஈரக் களிமண். கயல்விழி நோண்டி எடுத்ததும் குழந்தை வீரிட்டு அழுதது.

"அண்ணன் அடச்சாம்மா... தண்ணி உள்ள போவாதாம்."

அன்றைக்கே மிச்சக் களியையும் பச்சைப் பொம்மைகளையும் மணிமுத்தாற்றில் கரைத்துவிட்டார் கொளஞ்சிநாதன். கரையில் உட்கார்ந்து அவர் அழுததைப் பார்க்க முடியவில்லை.

அதோடு விட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

நேற்று வெண்பாவைப் பார்க்கப் போனேன். கயல்விழி அவளுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். செம்பை மொண்டு, மூக்கை மூடிவிடக் கையைக் கொண்டுபோனாள்.

கை போய்ச் சேருமுன்பே மூக்கு இரண்டு பக்கமும் அழுந்தி மூடிக்கொண்டது.

கயல்விழி பயப்படவில்லை. தினமும் நடப்பதுபோல் ஊற்றி முடித்தாள். பிறகு கெஞ்சினாள்.

"போதுண்டா பாரதி. ஊத்தியாச்சு. வுட்டுடு சாமி."

உடனே விடவில்லை.

"மொதல்ல சொன்னதும் வுட்டுடுவான்க்கா" என்றாள். "இப்பல்லாம் ரொம்ப நேரமாவுது."