செல்லம்மா சீட்

ஆளே இல்லாத லேடீஸ் பெட்டியில் அந்த ஜன்னலோர சீட் மட்டும் சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல. வேதா கையை எடுத்துப் புடவையில் துடைத்தாள். பிறகு வீம்பாக அதிலேயே உட்கார்ந்தாள்.

ஏழு மாத வயிறு. முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் கலைந்துபோனதால் டாக்டர் ரொம்ப நேரம் நிற்கவே கூடாது என்றிருக்கிறார். லீவு கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்கிறான் மேனேஜர், கட்டையில போறவன். பத்து நாளாகத் தாம்பரத்திலிருந்து சேத்துப்பட்டு வரை நின்றுகொண்டுதான் போகிறாள். காரணம் செல்லம்மா, அதுவும் செத்துப்போன செல்லம்மா.

மாம்பலத்துக்குப் பூ விற்கப் போகும் கூட்டத்தில் ஒருத்தி அவள். வண்டி நிற்பதற்குள் தாவி இடம் பிடிக்கப் போய், பிளாட்பாரத்துக்கும் படிக்கும் நடுவில் விழுந்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவள் இடத்தில் யாரும் உட்காரக் கூடாதாம். மற்ற பூக்காரிகள் தினமும் முந்திக்கொண்டு ஏறி, அந்த சீட்டில் ஒரு முழம் மல்லிகையைப் போட்டு வைத்தார்கள். செத்தவளுக்கு ஜன்னலோரம், பிள்ளைத்தாச்சிக்குக் கம்பி! நினைக்க நினைக்க வேதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால்தான் இன்று புருஷன் உமேஷை விரட்டி, ஒரு ஸ்டேஷன் முன்னால் சானடோரியத்தில் இறக்கிவிடச் சொல்லி, அங்கேயே ஏறிக்கொண்டாள். தாம்பரத்துக்கு வரும் வண்டிதானே அப்படியே பீச்சுக்குத் திரும்புகிறது. யார் எழுப்புகிறார்கள் பார்க்கலாம்.

தாம்பரத்தில் வண்டி நின்றதும் கூடையோடு முதலில் ஏறியவள் அங்காளம்மாள், அந்தக் கூட்டத்துக்குப் பெரியவள். வேதாவைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"எந்திரிம்மா. அது செல்லம்மா எடம்."

"செத்தவங்களுக்கு எதுக்குங்க எடம்?"

"அவளுக்கு இன்னும் காரியம் ஆவல. வண்டிய வுட்ருவோம்னு ஓடியாந்துகினே கீறா. என் எடத்த வேணா எடுத்துக்க, இத்த வுட்டுடு."

"பத்து நாளா என் வயிறு கண்ணுக்குத் தெரியலையா? எந்திரிக்க மாட்டேன். ஆனதைப் பாருங்க!"

அங்காளம்மாள் சண்டை போடவில்லை. அதுவே வேதாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பூக்காரிகள் மறுகோடிக்குப் போய் ஒண்டிக்கொண்டார்கள். வழிய வழியக் கூட்டம் ஏறியும் அவளைச் சுற்றி மூன்று சீட் காலியாகவே கிடந்தது.

வண்டி நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் செருப்பு தரையில் அறைந்து அறைந்து ஓடிவரும் சத்தம் கேட்டது; பிளாட்பாரம் முடிந்து, ஜல்லி வந்து, ஜல்லியின் மேலும் அதே சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பி வழியே எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. சானடோரியம் போனது. குரோம்பேட்டை போனது. வண்டி எவ்வளவு வேகம் எடுத்தாலும் அந்தக் கால்கள் பின்தங்கவில்லை.

பல்லாவரத்தில் சத்தம் நின்றது.

காதருகே மூச்சு வாங்கியது. வாடிய மல்லிகை நாற்றம், அதனடியில் இரும்பும் ரத்தமும்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா."

வேதாவுக்குப் பயத்தைவிடக் கோபம் முந்திக்கொண்டது.

"தள்ள மாட்டேன்!" என்று கத்தினாள். "என் பிள்ளைக்கு எடம் வேணும்!"

மறுகோடியில் அங்காளம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மூச்சுச் சத்தம் நின்றது. காதருகே இல்லை. எதிர் சீட்டிலும் இல்லை.

பிள்ளை அசைந்தது. உதை இல்லை. முழுசாக இடது பக்கம் நகர்ந்தது. விலா எலும்புக்கு அடியில் போய் ஒடுங்கியது. வலது பக்கம் தளர்ந்தது. காலியானது.

பிறகு நிரம்பியது.

வேதா புடவையை விலக்கினாள். தொப்புளுக்குப் பக்கத்தில், தோலை உள்ளேயிருந்து முட்டிக்கொண்டு ஓர் உள்ளங்கை. வளர்ந்த பெண்ணின் கை. ஐந்து விரலும் விரிந்தன. பிள்ளை ஒடுங்கியிருந்த பக்கமாகத் திரும்பி, அதைத் தள்ளத் தொடங்கின.