வரலாறு எங்கள் ஊர் வழியாகப் போன நாள்

1956 டிசம்பரில் ஒரு நாள், உலக வரலாறு எங்கள் ஊர் வழியாகப் போயிற்று. நிற்கவில்லை.

சீனப் பிரதமர் மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க வருகிறார், செங்கல்பட்டிலிருந்து வரும் கார்கள் எங்கள் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போகும் என்று செய்தி வந்தது. உடனே தலைமை ஆசிரியர் கஸ்தூரிரங்கன் பதினான்கு பக்கத்துக்கு வரவேற்புரை எழுதினார். சாலையோரப் புளியமரங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். மரத்தடியை விட்டு நகராத ஒரு கழுதைக்கும் கொஞ்சம் அடிபட்டது. சுண்ணாம்புதான்.

"எல்லாரும் வெள்ளை உடுப்பு. இல்லாதவர்கள் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கலாம். நாளைக்கு வரலாறு நம்மைப் பார்க்கப் போகிறது" என்றார்.

என் வகுப்புத் தோழி மார்கரெட்டிடம் இருந்தது ஒரே நல்ல பாவாடை. அது நீலம். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள்.

"வத்சலா, உன்கிட்ட ரெண்டு வெள்ளப் பாவாட கீதுல்ல? ஒண்ணு குடுடி. தோச்சுக் குடுத்துடறேன்."

மார்கரெட் என்னைவிட ஒரு சாண் உயரம். அவள் பக்கத்தில் நின்றால் என்னை யார் பார்ப்பார்கள்?

"ஒண்ணு நான் கட்டிக்கணும். இன்னொண்ணு ஈரமா இருக்கு. காயாது" என்றேன்.

"சரி வுடு. நீ பாத்துட்டு வந்து சொல்லு. அவரு இன்னா சட்ட போட்டுகினு வந்தாரு, சிரிச்சாரா, எல்லாம் சொல்லணும்."

மறுநாள் முதல் வரிசையில் காகிதக் கொடியோடு நின்றேன். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் கட்டடத்தின் மூலையில் நீலத் துணி தெரிந்தது. மார்கரெட் எட்டிப் பார்ப்பாள். தலைமை ஆசிரியர் கையை ஓங்குவார். அவள் தலையை இழுத்துக்கொள்வாள்.

என்னால் நிற்க முடியவில்லை. கொடியைப் பக்கத்திலிருந்த ரமாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பாவாடையோடு திரும்பி ஓடி வந்தேன்.

"சீக்கிரம் கட்டு."

நீலத்துக்கு மேலேயே அதைச் சுற்றிக்கொண்டாள். கணுக்காலுக்கு மேல் நின்றது. நாடாவை முடிச்சுப் போடும்போது ஹாரன் கேட்டது. இருவரும் ஓடினோம்.

சாலையில் புழுதி மட்டும் இருந்தது.

"போயாச்சு. நாலு கார்" என்றாள் ரமா.

தலைமை ஆசிரியர் புழுதியைப் பார்த்து முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. பதினான்கு பக்கத்தையும் கழுதை கேட்டது.

"உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்றாள் மார்கரெட். "நீயாச்சும் பாத்திருப்ப."

பாவாடையை அவிழ்த்து, புழுதி தட்டி, மடித்தாள். துணியைத் தடவிப் பார்த்தாள்.

"பனி நாளுல எப்பிடிக் காஞ்சுது? எனக்காவ அடுப்புகிட்ட போட்டு வெச்சியா?"

நான் தலையாட்டினேன்.

அந்தப் பாவாடை நனையவே இல்லை. ஒரு வாரமாகப் பெட்டிக்குள் மடித்த மடிப்பில்தான் இருந்தது.