முகம் மட்டும் பாக்கி

அக்கா செத்துப்போய் மூன்று மாதம் கழித்துத் தங்கை அந்த வீட்டில் வந்து இறங்கினாள். அக்கா, தங்கை இருவருக்குமே எம்பிராய்டரிதான் தொழில். அக்கா பாதியில் விட்டுப்போன சுவரில் மாட்டும் துணியை முடித்துத் தரச் சொல்லி அத்தான் கூப்பிட்டிருந்தார்.

மூடியே கிடந்த அறையில் ஈரத்துணி வாடை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் அக்கா தன்னையே தைத்திருந்தாள். நாற்காலி, புடவை மடிப்பு, மடியில் வைத்த கை எல்லாம் முடிந்திருந்தன. முகம் மட்டும் பாக்கி.

தங்கை முதல் நாளே நெற்றியும் புருவமும் போட்டுவிட்டாள். மறுநாள் பார்த்தால் அந்த இடம் வெறுமையாக இருந்தது. பிரித்த நூல் சட்டத்தின் ஓரத்தில் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

துக்கத்தில் அத்தான்தான் ஏதோ செய்கிறார் என்று வாயை மூடிக்கொண்டு மறுபடி போட்டாள். மறுபடியும் பிரிந்திருந்தது. மூன்றாம் நாள் மதியம் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இடது கண்ணை முடித்துவிட்டு, நூல் கோக்க வெளிச்சத்தின் பக்கம் திரும்பினாள்.

சர்ர்ர்.

துணியிலிருந்து நூல் உருவப்படும் சத்தம்.

சட்டத்துக்கு அந்தப் பக்கம், குனிந்து வேலை பார்க்கிறவளின் மூச்சு.

வெளியே வந்து அவள் சொன்னபோது அத்தான் ஆச்சரியப்படவே இல்லை. மூன்று மாதமாக அந்தச் சத்தத்தில் கண்ணயரவில்லை என்றார்.

"முடிஞ்சாத்தான் அவ போவா. அதுக்குத்தாம்மா உன்னைக் கூப்பிட்டேன்."

"அவளுக்குப் போக இஷ்டமில்ல, அத்தான்."

அவர் தரையைப் பார்த்தபடி அழுதார். பிரிக்கப் பிரிக்கப் போட்டால் ஒரே நாளில் முடித்துவிடலாம். தங்கையின் கை அவ்வளவு வேகம். சின்ன வயதில் அக்காவை எதிலும் முந்தியதில்லை, இதில் முந்தலாம். முந்தி, அவளை வீட்டை விட்டே விரட்டலாம்.

மனசு வரவில்லை. உள்ளே போய் ஊசியைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"நான் விட்டுட்டேன்க்கா," என்று கிசுகிசுத்தாள்.

கிளம்பும் அவசரத்தில் முந்தானை தாழ்ப்பாளில் மாட்டி ஒரு சாண் கிழிந்தது. அதைப் பார்க்கக்கூட நிற்கவில்லை.

பஸ் ஊரைத் தாண்டும்போது அத்தான் போன் செய்தார். வீட்டில் சத்தமே இல்லையாம். படுக்கப் போகிறாராம். குரலே மாறியிருந்தது.

நிம்மதியாக மூச்சு விட்டு, முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

கிழிசலைக் காணோம். அந்த இடத்தில் பொடிப்பொடியாகத் தையல் ஓடியிருந்தது.

நூலின் நுனி, இப்போதுதான் பல்லால் கடித்தது போல, ஈரமாக இருந்தது.