பூஜ்ஜியம் எடுத்த எட்டாம் நம்பர்

பள்ளிக் கூடைப்பந்து அணியில் அவளுக்குப் புயல் என்று பேர். நாம் கண்ணைச் சிமிட்டுவதற்குள் பந்தோடு மறுமுனைக்குப் போய்விடுவாள். மூன்று ஆட்டங்களில் முப்பத்தெட்டு பாயிண்ட். வேறு யாரும் அவள் பக்கத்தில்கூட வர முடியவில்லை. அது அவளுக்கும் நன்றாகவே தெரியும்.

அணியின் கோச் அவளுடைய அம்மாதான். வீட்டில் அம்மா, மைதானத்தில் கோச். மாற்றிக் கூப்பிட்டால் மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும். புயல் இதுவரை பதினாறு சுற்று ஓடியிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை. மறுநாள் இறுதி ஆட்டம். அம்மா சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அணியில் பதினோரு பேர். பத்துப் பேரைத்தான் அழைத்துப் போகலாம். புயல் எட்டிப் பார்த்தாள். எட்டாம் நம்பருக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு.

"ஏம்மா, தூணையா நீக்கிட்டே?"

"வேற யாரை நீக்கறது? இந்தப் பாயிண்ட் கட்டத்தைப் பாரு. பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம்."

தூண் புயலின் வகுப்புத் தோழி. நல்ல உடம்புவாகு. ஓட்டம் மெதுவாகத்தான் வரும். ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கேயே நிற்பாள். அந்தப் பேரை வைத்ததே புயல்தான்.

"ஆனா அவ உள்ள இருந்தா ஆடறதுக்கு லேசா இருக்கும்மா."

"லேசா இருக்குன்னா?"

"தெரியல. அப்படித் தோணுது."

"தோணறதை வெச்சு நான் யாரையும் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. மூணு மணிக்குப் பட்டியல் கொடுக்கணும். அதுக்குள்ள எனக்குப் புரியற மாதிரி காட்டு."

புயல் நேராக அப்பாவிடம் போனாள். எல்லா ஆட்டத்தையும் அப்பா தன் போனில் படம் பிடித்து வைத்திருந்தார்.

"தாராளமா பாரு. சினிமா மாதிரி எடுத்திருக்கேன்," என்றார் அப்பா.

முதல் ஐந்து நிமிடம் அவருடைய கட்டைவிரல்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு படம் வந்தது. ஆனால் "ஓடு கண்ணு, ஓடு!" என்ற கத்தலில் நடுவரின் விசில்கூடக் கேட்கவில்லை.

புயல் ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தாள். தூண் உள்ளே வந்ததும் ஸ்கோரை எழுதினாள். தூண் வெளியே போனதும் மறுபடி எழுதினாள். அந்த நேரத்துக்குள் நாம் எத்தனை போட்டோம், அவர்கள் எத்தனை போட்டார்கள்? அவ்வளவுதான் கணக்கு. யார் போட்டார்கள் என்பதை அவள் எழுதவே இல்லை.

மூன்று ஆட்டத்தையும் பார்த்து முடித்தபோது மதியச் சாப்பாடு ஆறிப் போயிருந்தது.

தூண் உள்ளே இருந்தபோது நாம் 34, அவர்கள் 22. தூண் வெளியே இருந்தபோது நாம் 41, அவர்கள் 51.

புயல் இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு யோசனை வந்தது. 'தூண் இல்லாமல் நான் ஆடிய நேரத்தில்?' அதையும் எண்ணினாள். ஒன்பது பாயிண்ட் பின்தங்கல்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. அத்தனை பந்தைக் கூடையில் போட்டும் ஒன்பது பின்தங்கலா? போனை எடுத்து ஓர் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

புயலைத் துரத்தி ஒரு பெண் ஓடி வருகிறாள். நடுவில் தூண் அசையாமல் நிற்கிறாள். அந்தப் பெண் தூண்மேல் மோதி நின்றுவிடுகிறாள். புயலுக்கு முன்னால் வழி திறந்து கிடக்கிறது. பந்து கூடைக்குள். எல்லாரும் புயலைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். தூண் அதற்குள் திரும்பி, மெதுவாகத் தன் இடத்துக்கு நடக்கத் தொடங்கிவிட்டாள்.

ஒரே ஆட்டத்தில் இப்படி ஏழு தடவை.

புயல் நோட்டோடு ஓடினாள். அம்மா பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லா எண்ணியிருக்கே. ஆனா ஒரு கேள்வி. தூண் ஆடினப்போ எதிர் அணியோட நல்ல ஆட்டக்காரி வெளிய உட்கார்ந்திருந்தா? அப்போ யாரை இறக்கியிருந்தாலும் நாமதானே முந்தியிருப்போம்?"

புயலுக்குச் சுருக்கென்றது. இதை அவள் யோசிக்கவே இல்லை. மணி இரண்டு. மறுபடி போனை எடுத்தாள். எதிர் அணியின் நல்ல ஆட்டக்காரி வெளியே இருந்த நேரத்தையெல்லாம் அடித்துவிட்டு, மீதியை மட்டும் கூட்டினாள். நாம் 21, அவர்கள் 16.

பன்னிரண்டாக இருந்தது ஐந்தாக இளைத்துவிட்டது. பழைய கணக்கையே காட்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு பெருமூச்சு விட்டு உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

"குறைஞ்சு போச்சும்மா. அஞ்சுதான் வருது."

அம்மா சிரித்தார். "அந்தப் பன்னிரண்டைவிட இந்த அஞ்சைத்தான் நான் நம்புவேன்."

பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தார். யோசித்து யோசித்து வேறொரு பேரில் கோடு போட்டார். "இவகிட்ட நானே பேசறேன். பாவம், அழுவா," என்றவர் உடனே போனை எடுத்தார்.

மறுநாள் இறுதி ஆட்டம் ஆரம்பமே சரியில்லை. எதிர் அணி புயலைச் சுற்றி எப்போதும் இரண்டு பேரை நிறுத்தியது. அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கைகள். பாதி ஆட்டத்தில் 12க்கு 20.

"கோச்," என்றாள் புயல், மூச்சு வாங்க. "தூணை இறக்குங்க."

"யாருக்குப் பதிலா? எல்லாரும் நல்லாத்தான் ஆடறாங்க."

"முதல்ல எனக்குப் பதிலாவே இறக்குங்க. நான் ரெண்டு நிமிஷம் உட்கார்றேன். மூச்சும் வரும், அவங்களும் குழம்பிப் போவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஆடறோம்."

கோச் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பெஞ்சின் கோடிக்குத் திரும்பினார். "எட்டாம் நம்பர்!"

தூண் திடுக்கிட்டு எழுந்தாள். "நானா? நான் பாயிண்ட் எடுக்க மாட்டேனே, கோச்!"

"உன்கிட்ட யாரு பாயிண்ட் கேட்டாங்க?" என்று புயல் அவள் முதுகைத் தட்டினாள். "நீ நிக்கற மாதிரி நில்லு. மத்ததை நாங்க பார்த்துக்கறோம்."

தூண் நின்றாள். கூடைக்கு அடியில் இரண்டு கையையும் தூக்கி நின்றாள். எதிர் அணியின் நெட்டைப் பெண் மூன்று முறை எறிந்தும் பந்து உள்ளே போகவில்லை. புயல் திரும்பி வந்ததும், அவளைச் சுற்றிய இருவரில் ஒருத்தி தூண்மேல் மோதி நின்றாள். இன்னொருத்தி தனியாக என்ன செய்வாள்? 18க்கு 22. 27க்கு 27. அரங்கமே எழுந்து நின்றது. அப்பாவின் கத்தல் எல்லாருக்கும் மேலே கேட்டது.

கடைசி விசில் ஊதியபோது பலகையில் 33க்கு 31.

புயலும் தோழிகளும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். தூண் அங்கேயும் குதிக்காமல், எல்லாரும் சாய்ந்துகொள்ள வசதியாக நடுவில் நின்றாள்.

அப்போது எதிர் அணியின் கோச் கைகொடுக்க வந்தார். வழுக்கைத் தலை வியர்வையில் மின்னியது.

"உங்க புயலுக்கு ரெண்டு வாரமா திட்டம் போட்டு வெச்சிருந்தேன் மேடம். அந்த எட்டாம் நம்பர் எத்தனை பாயிண்ட் எடுத்தா?"

"பூஜ்ஜியம்," என்றார் புயலின் கோச்.

வந்தவர் தூணை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த வருஷமும் இருப்பாளா?"

"இருப்பா!" என்று புயல் முந்திக்கொண்டு சொன்னாள்.

"அடக் கடவுளே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு போனார் அவர்.