வேகப் பத்து, மெதுப் பத்து

மார்லாவுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. வேனின் பின்பக்கத்தில் பதினாறு பிள்ளைகளுக்கான பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை பன்களும் மூடிய பாத்திரங்களில் இருந்தன. வாசனை மட்டும் மூடிக்குள் அடங்கவில்லை. பள்ளிக்குப் போய்ச் சேரும்வரை யாரும் தொடக்கூடாது. அது டிரைவர் வெர்ன் போட்ட சட்டம்.

பக்கத்தில் தம்பி ஓட்டோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏழு வயது. அவனுக்கு 'ர' வராது. ரொட்டியை 'யொட்டி' என்பான். வகுப்பில் சிரித்தார்கள். அதன் பிறகு அவன் பள்ளியில் வாயே திறப்பதில்லை.

பேச்சு சொல்லிக்கொடுக்கத் தனியாக ஒரு டீச்சரை வைக்க அந்தப் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கும் வசதியில்லை. அதனால் மூன்று ஊர்ப் பள்ளிகள் கூட்டுச் சேர்ந்தன. ஒரு டீச்சர், ஒரு சமையலறை, ஒரு வேன். வேன் ஓட்டோவையும் துணைக்கு மார்லாவையும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஃபோர்ட் லாண்டர் பள்ளிக்குக் கொண்டுபோகும். திரும்பும்போது மதியச் சாப்பாட்டை ஏற்றிவரும்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு செவ்வாயாகப் போகிறார்கள். இரண்டு முறையும் அறை பூட்டியிருந்தது. இன்று கதவில் ஒரு சீட்டு வேறு.

மார்லா அதை மறுபடி படித்தாள். "ஓட்டோ ஹூபர் இரண்டாம் முறையும் வரவில்லை. இன்னும் ஒரு முறை வராவிட்டால் இந்த இடம் அடுத்த பிள்ளைக்கு."

"வெர்ன், சமையல்கார பெவ் என்ன சொன்னாங்க தெரியுமா? போன வாரம் நாம போன கையோட டீச்சர் வந்தாங்களாம். இன்னைக்கு அவங்க போன கையோட நாம வந்தோமாம். 'கண்ணாமூச்சி ஆடறீங்களா'ன்னு கேக்கறாங்க."

"நான் சரியாத்தானே வந்தேன்."

"போன வாரம் எந்தப் பத்துக்கு வந்தோம்?"

அது அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆற்றுக்குக் கிழக்கே கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும். அது வேக நேரம். மேற்கே, கெட்டில் பட் என்ற மார்லாவின் ஊரில், மெது நேரம்.

"வேகப் பத்துக்கு. டீச்சர் அந்தக் கரை. அவங்க நேரத்துக்குப் போறதுதானே மரியாதை?"

"இன்னைக்கு?"

"மெதுப் பத்துக்கு. ஒருவேளை நம்ம நேரத்தைச் சொல்லியிருப்பாங்களோன்னு மாத்திக்கிட்டேன்."

மார்லா கொஞ்சம் யோசித்தாள். "டீச்சரும் மரியாதைக்காரங்க போல. போன வாரம் நம்ம நேரத்துக்கு வந்துட்டு, இந்த வாரம் அவங்களும் மாத்திக்கிட்டாங்க."

வெர்ன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.

"ஆபீஸுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுங்களேன்."

"சொன்னா அங்க இருக்கற பொண்ணு வெறும் பத்துன்னுதான் எழுதிவைக்கும். நகரத்துப் பொண்ணு. அதுக்கு உலகத்துல ஒரே ஒரு பத்துதான். டீச்சரைப் பிடிக்கலாம்னா அவங்க நாள் பூரா ரோட்டுல."

"அப்ப அடுத்த வாரம் வேகப் பத்துக்கு எங்களை விட்டுட்டுப் போயிடுங்க. டீச்சர் வர்றவரைக்கும் உக்காந்திருக்கோம். காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்க மத்தியானம் வருவீங்கல்ல, அப்ப கூட்டிட்டுப் போங்க."

"அன்னைக்குக் காலைலதான் மூணு ஊர் பேஸ்கட்பால் டீமுக்கு ஆள் எடுக்கறாங்களே. நீ ஒரு மாசமா பந்தைத் தட்டித் தட்டி எங்க காதைக் கிழிச்சியே?"

"தெரியும்," என்றாள் மார்லா.

அடுத்த செவ்வாய், வேகப் பத்து. அம்மாவும் பள்ளியும் சரி என்றிருந்தார்கள். அறை பூட்டியிருந்தது. வெர்ன் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அக்காவும் தம்பியும் கதவருகே தரையில் உட்கார்ந்தார்கள். பெவ் எட்டிப் பார்த்து ஆளுக்கொரு பன் கொடுத்தார்.

கால் மணி ஆனது. இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஓட்டோ அக்காவின் காதில், "வயமாட்டாங்க," என்றான்.

பத்தரைக்கு வெளியே கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஹாகன் டீச்சர் இரண்டு பைகளோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அடடே, இருக்கீங்களா! எந்தப் பத்துன்னு குழம்பிப் போச்சு. சரி, நடுவுல வந்தா ஏதாவது ஒரு பக்கம் மாட்டுவீங்கன்னு வந்தேன்."

மார்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டீச்சர், இனிமே யாரும் யாருக்காகவும் நேரத்தை மாத்தவேண்டாம். வேகப் பத்துன்னே எழுதுங்க. முழுசா எழுதுங்க."

டீச்சர் நோட்டில் முழுசாக எழுதினார். பிறகு ஓட்டோவை உட்காரவைத்து, கண்ணாடியைக் காட்டி, நாக்கை எங்கே மடக்குவது என்று சொல்லிக்கொடுத்தார். அரை மணி நேரத்தில் 'ர' வந்துவிடவில்லை. நாக்குதான் வலித்தது.

பாடம் முடிந்ததும் டீச்சர் நோட்டைப் புரட்டினார். ஓட்டோவின் பெயருக்கு நேரே இரண்டு 'வரவில்லை' இருந்தது. ஓட்டோ அதன்மேல் விரலை வைத்தான்.

"நாங்க வந்தோம்," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "யெண்டு தடவையும் வந்தோம்."

அவன் வெளியாள் ஒருவரிடம் பேசி எட்டு மாதமாகியிருந்தது.

"நியாயம்தான்," என்றார் டீச்சர். இரண்டையும் அடித்துவிட்டு, மேலே 'பாக்கி' என்று எழுதினார். பிறகு பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மூன்று ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவில் வசந்தம்வரை ஒரு மணிகூடக் காலியில்லை.

"எப்பன்னு தெரியல. ஆனா குடுத்துடறேன்."

ஓட்டோவுக்கு இன்னும் இரண்டு பாடம் பாக்கி.