வெங்காய வேரும் ஒன்பதே முக்காலும்

திங்கட்கிழமை மழையில், கல்லூரி வாசலில் ஜெனிட்டாவின் குடைக்கம்பி ஒருவன் தோளில் இடித்தது. அவன் மார்போடு அணைத்திருந்த மரப்பெட்டியை முதலில் பார்த்தான். பிறகு அவளை... மழைத்துளி இமையில் நிற்க, கோபமாய் விரிந்திருந்த அந்தக் கண்களை.

"கண்ணு தெரியலையா?"

"தெரியுதுங்க... இப்பதான் நல்லாத் தெரியுது."

அவ்வளவுதான். அவளுக்குச் சந்தேகம் அங்கேயே முளைத்துவிட்டது.

பெயர் லியோ, சிங்கப்பூரில் இதே வேலை, லீவில் வந்தவன், தாவரவியல் ஆய்வகத்தின் மைக்ராஸ்கோப்புகளைப் பழுது பார்க்கிறான் என்று அட்டெண்டர் ரெங்கம்மாள் சொன்னாள். லீவில் வருகிறவர்களை ஜெனிட்டாவுக்குத் தெரியும். தோழி விண்ணரசிக்கு மோதிரம் போட்டுவிட்டு விமானம் ஏறியவன் இன்றுவரை ஒரு கடிதம் போடவில்லை. இவன் எதற்கு மூன்று நாளாக ஆறே ஆறு மைக்ராஸ்கோப்பைத் திருகுகிறான்? அவள் வகுப்பெடுக்கும்போது எதற்குக் கதவோரமாகவே உட்காருகிறான்? ஒரு சந்தேகம் இரண்டாகி, இரண்டு நாலாகி... அவள் நடத்தும் பாடத்துச் செல்களைப் போலவே பெருகியது.

வியாழக்கிழமை. மறுநாள் செய்முறைத் தேர்வு. ஜன்னலோரம் தண்ணீர்ப் பாட்டில்களின் வாயில் உட்கார்ந்த வெங்காயங்கள் வெள்ளை வேர் விட்டிருந்தன. காலை ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவே வெட்டி, அமிலமும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் போட வேண்டும். வேர் நுனிச் செல்கள் மும்முரமாகப் பிரியும் நேரம் அது. தவறினால் மாணவர்களுக்குக் காட்ட ஒன்றுமிருக்காது. அவளுடைய தற்காலிக வேலையும் தங்காது.

அன்று பார்த்துத்தான் திருக்காட்டுப்பள்ளிச் சாலையில் தண்ணீர் ஏறி பஸ் நின்றது. பூண்டி மாதாவை வேண்டியபடி நனைந்து ஓடி வந்தபோது மணி பதினொன்று.

வெங்காயங்கள் மொட்டையாக இருந்தன. பக்கத்தில் லியோ.

"யாரு வெட்டினது?"

"நாந்தாங்க."

"மைக்ராஸ்கோப் ரிப்பேருக்கு வந்தவருக்கு வெங்காயத்துல என்ன வேலை? சாம்பார் வைக்கப் போறீங்களா?"

"சாம்பாருக்கு யாருங்க வேரப் போடுவாங்க?" அவன் ஒரு சின்னக் குப்பியை நீட்டினான். "நேத்து நீங்க வகுப்புல சொன்ன மாதிரியே ஒன்பதே முக்காலுக்கு வெட்டி, நீங்க கலக்கி வெச்ச தண்ணியில போட்டேன். பஸ் வராதுன்னு ரெங்கம்மா சொன்னாங்க."

"நீங்க சொன்னா நம்பிடணுமா?"

குப்பியிலிருந்து ஒரு வேரை எடுத்தாள். முனையை நறுக்கி, அமிலத்தில் சூடாக்கி, சாயமேற்றி, கண்ணாடித் துண்டின் அடியில் நசுக்கிப் பார்த்தாள். எல்லாம் நீண்ட, சும்மா கிடக்கும் செல்கள். பிரிகிற செல் ஒன்றுகூட இல்லை!

"பார்த்தீங்களா? கெடுத்துட்டீங்க!"

அவன் முகம் சிறுத்தது. பெட்டியை மூடப்போனவன் நின்றான். மெல்ல, வராந்தாவில் போகிற மாணவர்கள் காதில் விழாதபடி சொன்னான். "அது வெட்டின பக்கமுங்க. நுனி... அந்தப் பக்கம்."

அவளுக்கு முகம் சுட்டது. வருஷம் முழுக்க மாணவர்களைத் திட்டுகிற தவறு! கோபம் அவளையே செய்ய வைத்துவிட்டது.

மறுமுனையை நசுக்கிப் பார்த்தாள். தெரிந்தன... சிவந்த குரோமோசோம்கள், ஜோடி ஜோடியாய், இரு பக்கமும் விலகும் கணத்தில் அப்படியே உறைந்து. தன்னிடம் உள்ளதையெல்லாம் ஒன்றுவிடாமல் படியெடுத்து வைத்துக்கொண்டு, பிறகுதான் ஒரு செல் சரிபாதி பிரித்துக் கொடுக்கிறது. அதற்கிருக்கும் நல்ல மனம்கூடத் தனக்கில்லாமல் போயிற்றே... கண் நிறைந்தது.

"மன்னிச்சிடுங்க. மூணு நாளா உங்கள சந்தேகமாத்தான் பார்த்தேன்."

"சந்தேகம் சரிதாங்க," என்றான் லியோ, திருப்புளியைப் பார்த்தபடி. "இது ஒரு நாள் வேலை. கழட்டினதையே கழட்டிட்டிருந்தேன்... இங்க உக்காந்தா உங்க குரல் கேக்கும்."

"லீவு முடிஞ்சதும் போயிடுவீங்கல்ல?"

"ஜனவரியில போகணும். அதுக்குள்ள அம்மாவ உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னு ஆசை. பிடிக்கலன்னா சொல்லிடுங்க, இந்தக் கடைசி மைக்ராஸ்கோப்ப அஞ்சு நிமிஷத்துல மூடிட்டுப் போயிடறேன்."

வெளியே மழை வலுத்தது. ஜெனிட்டா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை..." என்றாள். "பூசை முடிஞ்சு அப்பா வீட்டுலதான் இருப்பாங்க."