பேனாக் கோட்டுக்கு வெளியே

சவுனா என்ற நீராவிக் குளியலறையின் ஈரச்சூட்டில், பிர்ச் இலைக் கொத்தின் பச்சை வாசனைக்கு நடுவே, மகளின் தலையை அலசிக்கொண்டிருந்தபோது கைரெயின் விரலில் அது தட்டுப்பட்டது. வலது காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில், கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு புள்ளி. மச்சம் என்று நினைத்தாள். ஆனால் ஆறு வருடமாகத் தினம் துடைத்துவிடும் உடம்பு அது. அங்கே மச்சம் கிடையாது.

ஏவெலியைச் சின்ன ஜன்னலருகே இழுத்து, காதை மடக்கிப் பார்த்தாள். புள்ளிக்குக் கால்கள் இருந்தன. அவை மெல்ல அசைந்தன. தலை தோலுக்குள் இருந்தது.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்லடி. உண்ணி. ஆடாம நில்லு."

இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தாள். வந்துவிட்டது. வோர்ம்ஸி தீவில் புல்வெளிக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகளை உண்ணி கடிப்பது ஒன்றும் புதிதல்ல. மே மாதக் கடைசி சனிக்கிழமை. காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்து வைத்துவிட்டு அதை மறந்தும் போனாள்.

பத்தாம் நாள் அந்த இடம் சிவந்திருந்தது. அரிப்பில்லை, வலியில்லை. மருத்துவ நிலையத்துக்குப் போன் செய்தாள். நர்ஸ் பொறுமையாகவே பேசினாள்: "கடிச்ச இடம் லேசா சிவக்கலாம். அளந்து பாருங்க. பரவிக்கிட்டே போச்சுன்னா ஒரு நாள்கூடப் பொறுக்காதீங்க, கூட்டிட்டு வந்துடுங்க. வட்டமாப் பரவறதுதான் உண்ணிக்கடியால வர்ற நோயோட அடையாளம். ரத்தத்துல ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது."

மூன்று சென்டிமீட்டர். சிவப்பின் விளிம்பைச் சுற்றி நீலப் பேனாவால் கோடு போட்டாள். கழுத்தில் முழு வளைவு கிடைத்தது. மேல்பக்கம் அடர்ந்த முடிக்குள் பேனா வழுக்கியது. அதோடு விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. ஒரு நகத்தின் அகலம்தான்.

ஃபின்லாந்தில் கட்டட வேலையில் இருந்த கணவன் ஊர்மாஸிடம் போனில் சொன்னாள்.

"உன் கை நடுங்கியிருக்கும். நீ கோடு போட்ட லட்சணம் எனக்குத் தெரியாதா? நம்ம வேலியையே கோணலா அளந்தவ நீ."

"விளையாடாத ஊர்மாஸ். எனக்குப் பயமா இருக்கு."

"சரி, திங்கக்கிழமை காட்டிடு. இப்பவே கப்பல்ல தூக்கிட்டு ஓடாத."

பக்கத்துப் பண்ணையில் ஆடு வளர்க்கும் சல்மே, வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே சிரித்தாள். "தினம் பத்து உண்ணி எடுக்கறேன் ஆட்டுக்கு. எனக்கே நூறு கடிச்சிருக்கும். உசுரோடதானே நிக்கறேன்? டவுன்ல வளந்தவ புத்தி உன்னை விட்டுப் போகாது போல."

திங்கட்கிழமை காலை கைரெ போனைக் கையில் எடுத்துக்கொண்டு மகளின் கழுத்தைப் பார்த்தாள். நீலக் கோட்டுக்குள் தோல் வெள்ளையாக இருந்தது. கோட்டைச் சுற்றியும் வெள்ளை. சிவப்பு போயிருந்தது.

போனை வைத்துவிட்டாள். அந்த நிமிடத்தில் அவள் மனதில் இருந்தது நிம்மதிதான். பிறகு எத்தனையோ முறை அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போய், தன் கையைப் பிடித்து, போனை மறுபடி எடுக்க வைக்கப் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஏவெலி ஊஞ்சலுக்குப் போகவில்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தாள். புது உருளைக்கிழங்கையும் சதகுப்பைக்கீரை வாசம் அடிக்கும் வெண்ணெயையும் தட்டிலேயே விட்டாள். "கழுத்து கனமா இருக்கும்மா," என்றாள். காய்ச்சல் இல்லை. வெயில் என்றாள் சல்மே. வளர்கிற வயசு என்றான் ஊர்மாஸ்.

ஜூன் இருபத்து மூன்று. கோடைத் திருநாளின் பெரிய நெருப்பு கடற்கரையில் ஏற்றப்பட்டுவிட்டது. அடுப்பில் வாட்டும் இறைச்சியின் புகையும் அக்கார்டியன் சத்தமும் நாணல் புதர்களைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. அந்த வடக்குத் தீவில் அந்த நாளில் ராத்திரியிலும் ஒளி போகவே போகாது. வீட்டுக்குள் ஒவ்வொரு பொருளும் நிழலே இல்லாமல், கழுவிவைத்தது போல, வேண்டாத தெளிவோடு நின்றது. திருநாளுக்காக ஏவெலியின் தலையில் பூவளையம் வைத்துவிடக் குனிந்தபோதுதான் கைரெ பார்த்தாள். முன்நெற்றியில், முடியின் ஓரத்தில், இளஞ்சிவப்பாக ஒரு கோடு.

பூவளையம் அழுத்திய தடமாக இருக்கும். ஆனால் அதை இன்னும் வைக்கவே இல்லை.

முடியை வகிர்ந்து பார்த்தாள். கோடு உள்ளே போனது. இன்னும் வகிர்ந்தாள். இன்னும் போனது.

"அம்மா, இழுக்காத. வலிக்குது."

"கொஞ்சம் பொறு கண்ணு. கொஞ்சம்."

சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்தாள். முதல் கற்றை தரையில் விழுந்தது. தேன் நிற முடி, ஒருமுறைகூட வெட்டாதது. ஏவெலி அழ ஆரம்பித்தாள். கைரெயின் கை நிற்கவில்லை. உச்சியில் வெட்டினாள். சிவப்பு. இடது பக்கம். சிவப்பு. பின்னந்தலை. சட்டையை இறக்கிப் பார்த்தாள். தோள்பட்டை எலும்பின்மேல் அதே கோடு வளைந்து, கழுத்தைச் சுற்றி, திரும்ப முடிக்குள் ஏறியது.

ஒரே வளையம்.

அது போகவே இல்லை. பெரிதாகியிருந்தது. பார்த்துப் பார்த்து அவள் நிம்மதியடைந்த வெள்ளைத் தோல், அந்த வளையத்தின் நடுப்பகுதி.

கடைசிக் கப்பல் போய்விட்டிருந்தது. அவசர எண்ணில் கேட்டார்கள்: மூச்சு சரியா இருக்கா, நினைவு இருக்கா, வாந்தி, வலிப்பு? இல்லை, இல்லை, இல்லை. அப்படியானால் முதல் கப்பலில் வாருங்கள், ஏதாவது மாறினால் உடனே கூப்பிடுங்கள். கரையில் ஆட்கள் நெருப்பைத் தாண்டிக் குதித்துக் கத்துவது கேட்டது. அவள் மகளை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் ஏவெலி பால் குடித்தாள். வாயின் வலது ஓரத்தில் பால் வழிந்தது. துடைத்தாள். மறுபடி வழிந்தது.

"ஒழுங்காக் குடிடி."

"ஒழுங்காத்தாம்மா குடிக்கறேன்." சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவில் தன் மொட்டைக் கத்தரிப்பைப் பார்த்து, குழந்தை சிரித்தது.

இடது பாதி சிரித்தது. வலது பாதி சிரிக்கவில்லை.

கைரெ அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "இன்னொரு தடவ சிரி," என்று கெஞ்சினாள். "அம்மாவுக்காக. சிரி. நல்லா சிரி." ஏவெலி சிரிக்க முயன்றாள். முகத்தின் அந்தப் பக்கம் வேறு யாருடையதோ போல, அசையாமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கப்பல் முக்கால் மணி நேரம் எடுத்தது. என்ஜின் அதிர்வில் கப்பலில் ஏற்றியிருந்த காரின் கதவு கிடுகிடுத்தது. அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தாள். என்ன எண்ணினாள் என்று தெரியாது.

கரையில் இருந்த மருத்துவமனையில் யாரும் சந்தேகப்படவில்லை. நரைத்த குடுமி போட்ட ஒரு பெண் டாக்டர், வளையத்தையும் முகத்தையும் பார்த்து, கடித்த தேதியைக் கேட்டு, முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்கச் சொல்லி, மணி பத்துக்குள் கையில் ஊசிவழி மருந்தை ஏற்றிவிட்டார்.

"முன்னாடியே வந்திருந்தா..." என்றாள் கைரெ.

"வந்துட்டீங்கள்ல. அதைப் பாருங்க."

"முகம் திரும்ப வருமா டாக்டர்?"

"பெரும்பாலான குழந்தைகளுக்கு வந்துடும். வாரக்கணக்கு ஆகும். மாசக்கணக்கும் ஆகலாம்." டாக்டர் சற்று நிறுத்தினார். "இவளுக்குன்னு தனியா என்னால வாக்கு குடுக்க முடியாது."

மத்தியானம் ஏவெலி தூங்கினாள். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் விழுந்தது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. மூச்சு சீராக, ஆழமாக வந்தது. கைரெ குனிந்து முத்தமிடப் போனாள்.

இடது கண் மூடியிருந்தது. வலது கண் திறந்திருந்தது.

குழந்தை ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கைரெ இரண்டு விரலால் அந்த இமையை மெல்லக் கீழே இறக்கினாள். பிடித்திருந்தாள். விட்டாள்.

இமை மெதுவாக மேலே ஏறியது. உள்ளே வெள்ளை விழி, வெயிலில் ஈரமாக மின்னியபடி, அவளைப் பார்க்காமல் திறந்தே இருந்தது.